முதுகலைப் பொருளியல் ஆய்வேடும் கேட்கப்படாத முதற்கேள்வியும்

ஜனவரி பிறந்தால் இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் பொருளியல் துறைகளில் ஒரே மாதிரியான பரபரப்பு தொடங்குகிறது. நான்காம் பருவ மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகின்றனர். பிப்ரவரியில் வினாநிரல் தயாராகிறது. மார்ச்சில் நூற்றிருபது பேரிடம் அது நிரப்பப்படுகிறது. ஏப்ரலில் யாரோ ஒரு முனைவர்பட்ட ஆய்வாளரின் மடிக்கணினியில் எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் அட்டவணைகளை அள்ளித் தருகிறது. மே மாதத்திற்குள் ஐந்து இயல்களும் பைண்டிங் கடைக்குப் போய்விடுகின்றன. அவற்றுள் மூன்றாம் இயலுக்கு ‘ஆய்வு முறையியல்’ என்று பெயர். பெரும்பாலும் அது கடைசியாக எழுதப்படுகிறது. அதுவும் முந்தைய ஆண்டு ஆய்வேடு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெயரையும் மாதிரியின் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றி எழுதப்படுகிறது.

இதை மாணவர்களின் சோம்பல் என்று சொல்லிவிடுவது எளிது. ஆசிரியர் அறைகளில் ஆண்டுதோறும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. ஆனால் மாணவர்கள் தங்களுக்குக் கற்பிக்கப்பட்டதையே செய்கிறார்கள். கையில் கிடைத்த எண்ணை என்ன செய்வது என்பதை முறையியல் தாள் அவர்களுக்குச் சொல்லித் தருகிறது. அந்த எண் எப்படிப் பிறந்தது, யார் யாரிடம் எந்தச் சொல்லால் எதைக் கேட்டதனால் அது தாளில் ஏறியது என்பதைச் சொல்லித் தருவதில்லை. முதுகலைப் பொருளியலின் முறையியல் கல்வி வினாவிலிருந்து தொடங்க வேண்டும், மென்பொருள் அதற்குப் பிறகு வரட்டும் என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் இன்றைய நிலை. பெரும்பாலான பாடத்திட்டங்களில் முறையியல் தாள் ஒரே வரிசையில் செல்கிறது: ஆய்வின் பொருளும் வகைகளும், ஆய்வுச் சிக்கலைத் தெரிவு செய்தல், கருதுகோள், மாதிரி எடுத்தல், தரவு திரட்டல், அளவுகோல்கள், சோதனைகள், அறிக்கை எழுதுதல். சி.ஆர். கோத்தாரியின் பாடநூலோ அதைச் சுருக்கிய தேர்வுக் குறிப்புகளோ எல்லோருடைய மேசையிலும் இருக்கும். ‘நல்ல வினாநிரலின் பண்புகளை விளக்குக’ என்று தேர்வில் வரும். எட்டுப் பண்புகளை மனப்பாடம் செய்தவர் முழு மதிப்பெண் பெறுவார். அவர் தம் வாழ்நாளில் ஒரு வினாநிரலைக்கூட எழுதியிருக்க வேண்டியதில்லை. எழுதியதை ஓர் அந்நியரிடம் கேட்டு, அவர் ‘என்ன கேட்கிறாய்?’ என்று திருப்பிக் கேட்க, திகைத்து நின்றிருக்க வேண்டியதுமில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

இந்தப் பயிற்சியின் விளைவை ஒரே ஓர் எண்ணில் காணலாம். இந்தியாவின் எந்த மூலையிலிருந்து ஆய்வேடுகளை எடுத்துப் புரட்டினாலும், மாதிரியின் அளவு 384 என்று பலவற்றில் எழுதியிருக்கும். கிரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வரும் எண் அது. மக்கள்தொகை மிகப் பெரியது, 95 விழுக்காடு நம்பிக்கை வேண்டும், பிழை 5 விழுக்காட்டுக்குள் இருக்கலாம் என்ற நிலையில் ஒரு விகிதத்தை மதிப்பிட ஏறத்தாழ அத்தனை பேர் போதும் என்பது அதன் கணக்கு. அந்தக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது: மக்கள்தொகையில் உள்ள ஒவ்வொருவருக்கும் மாதிரியில் இடம்பெறச் சமவாய்ப்பு இருந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுக்களில் கூகுள் படிவத்தின் இணைப்பைப் பகிர்ந்து, முதலில் பதிலளித்த 384 பேரை எடுத்துக்கொண்டவருக்கு அந்த அட்டவணை எந்த உரிமையையும் தருவதில்லை. எண் மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது. நிபந்தனை வழியிலேயே தங்கிவிட்டது.

சோதனைகளுக்கும் இதே கதி. வசதிக்கேற்ப எடுத்த மாதிரியில் கை-வர்க்கச் சோதனை நடத்தி, பி-மதிப்பு 0.05க்குக் கீழே வந்ததும் ‘குறிப்பிடத்தக்க தொடர்பு உள்ளது’ என்று எழுதப்படுகிறது. சமவாய்ப்பில் எடுத்த மாதிரியில், உண்மையில் தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தோன்ற எத்தனை வாய்ப்பு உண்டு என்பதைச் சொல்வதே பி-மதிப்பின் வேலை. நண்பரின் நண்பர் வழியாகக் கிடைத்தவர்களை வைத்துக்கொண்டு தற்செயலை அளக்க முடியாது. அவர்கள் தற்செயலாக வரவில்லை.

நேர்மையைப் பற்றிய பேச்சும் வேறோர் இடத்தில் சுருங்கி நிற்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. ஆகவே ஏப்ரல் மாத இரவுகள் சொற்களை மாற்றி ஒப்புமையைக் குறைப்பதில் கழிகின்றன. வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறிய மென்பொருள் இருக்கிறது. நூற்றிருபது வினாநிரல்களில் எத்தனை விடுதி அறையில் ஒரே பேனாவால் ஒரே இரவில் நிரப்பப்பட்டவை என்பதைக் கண்டறிய எந்த மென்பொருளும் இல்லை. அது அனைவருக்கும் தெரிந்த ரகசியம். வினாவை ஒரு சடங்காகக் கற்றவர், அதைச் சடங்காகவே நிறைவேற்றுகிறார்.

மாதிரியும் சோதனையும் சரியாக அமைந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டாலும் அடிப்படைச் சிக்கல் தீர்வதில்லை. அது வினாவின் மொழியில் இருக்கிறது.

இந்தி பேசும் மாநிலம் ஒன்றில், தன் ஊர்ப் பெண்களின் உழைப்பைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்பும் ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவருடைய வினாநிரலில் ஏழாவது வினா ஆங்கிலத்தில் இருக்கிறது: நீங்கள் வேலை செய்கிறீர்களா, ஆம் அல்லது இல்லை. ஊரில் அவர் அதை நின்ற இடத்திலேயே மொழிபெயர்த்துக் கேட்கிறார்: “ஆப் காம் கர்தீ ஹைன்?” எதிரில் நிற்கும் பெண் அதிகாலையில் எழுந்து இரண்டு எருமைகளுக்குத் தீவனம் வெட்டிப் போட்டு, பால் கறந்து, சொந்த வயலில் களை பறித்துவிட்டு வந்தவர். அவர் சொல்கிறார்: “நஹீன், கர் பர் ரஹ்தீ ஹூன்.” இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன். மாணவி ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிடுகிறார்.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. ‘காம்’ என்ற சொல் இந்தியில் மிக விரிவானது. வீட்டு வேலையும் காம்தான், வயல் வேலையும் காம்தான், அலுவலகப் பணியும் காம்தான். ஆனால் கையில் தாளும் பேனாவுமாக வந்து நிற்கும் படித்த பெண் அதே சொல்லைச் சொல்லும்போது, கேட்பவர் அதைச் சுருக்கிப் புரிந்துகொள்கிறார்: வெளியே சென்று கூலியோ சம்பளமோ வாங்கும் வேலையைக் கேட்கிறார் போலும் என்று. சொல் அகலமாக இருக்கிறது, கேட்கும் சூழல் அதைக் குறுக்கிவிடுகிறது. தமிழில் ‘வேலைக்குப் போகிறீர்களா?’ என்று கேட்டால் ‘போகிறீர்களா’ என்ற வினைச்சொல்லே வீட்டையும் சொந்த வயலையும் விலக்கிவிடுகிறது அல்லவா, அது போலத்தான். அகராதியில் சரியாக இருக்கும் மொழிபெயர்ப்பு, வாசற்படியில் தவறாகிவிடுகிறது. அந்தத் தவறு பின்னர் ஓர் எண்ணாகி, எண் அட்டவணையாகி, அட்டவணை ‘இவ்வூரில் பெண்களின் பொருளாதாரப் பங்கேற்பு குறைவாக உள்ளது’ என்ற கண்டுபிடிப்பாகிறது. எத்தனை நுட்பமான சோதனையும் ஏழாவது வினாவில் தொலைந்த அந்த எருமைகளை மீட்டுத் தர முடியாது.

நாட்டின் புள்ளியியல் அமைப்பு இந்தச் சிக்கலோடு பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறது. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புச் சுற்றுகளிலும், 2017-18 முதல் நடக்கும் காலமுறைத் தொழிலாளர் ஆய்விலும் ஒவ்வொருவரின் செயல்பாட்டுக்கும் ஒரு குறியீட்டு எண் தரப்படுகிறது. குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவருக்கு 21. வீட்டுக் கடமைகள் மட்டும் செய்பவருக்கு 92. வீட்டுக் கடமைகளோடு விறகு, கீரை, கிழங்கு, தீவனம் சேகரித்தல், வீட்டுத் தேவைக்குத் தைத்தல், நெய்தல் ஆகியவற்றையும் செய்பவருக்கு 93. இவற்றுள் 21 பெற்றவர் உழைப்பாளர் கணக்கில் சேர்வார். 92, 93 பெற்றவர்கள் சேரமாட்டார்கள். முந்தைய ஐந்தாண்டுச் சுற்றுகளில் 92, 93 பெற்ற பெண்களிடம் வீட்டுத் தோட்டம், கோழி, பால்மாடு, விறகு ஆகியவை பற்றித் தனியே துணைக் கேள்விகளும் கேட்கப்பட்டன. ஒரே பெண் 21இல் விழுவதா 93இல் விழுவதா என்பது, களப்பணியாளர் எத்தனை துருவிக் கேட்டார், எந்தச் சொல்லில் கேட்டார், பதில் சொன்னது அந்தப் பெண்ணா, திண்ணையில் அமர்ந்திருந்த மாமனாரா என்பதைப் பொறுத்தது.

காலமுறைத் தொழிலாளர் ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு விகிதம், வழக்கமான செயல்பாட்டு அடிப்படையில், 2017-18இல் 23.3 விழுக்காடு. 2023-24இல் அது 41.7 விழுக்காடு. ஏறியதில் பெரும்பங்கு கிராமப்புறத்தில், சுயதொழிலிலும் ஊதியமற்ற குடும்ப உதவியிலும் உள்ளது. இதை வறுமையின் நெருக்கடி என்று சிலர் வாசிக்கின்றனர். வாய்ப்புகளின் பெருக்கம் என்று சிலர் வாசிக்கின்றனர். முன்பு காணப்படாத உழைப்பு இப்போது காணப்படுகிறது என்று வேறு சிலர் சொல்கின்றனர். இம்மூன்றில் எது எவ்வளவு என்று எடைபோட வேண்டுமானால் 21க்கும் 93க்கும் இடையிலுள்ள கோடு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு முழுப் பருவத்தின் முறையியல் வகுப்பை இந்த ஒரே எண்ணை வைத்து நடத்தலாம். ஆனால் பெரும்பாலான ஆய்வேடுகளில் இந்த எண் முதல் இயலின் முதல் பத்தியில், பின்னணித் தகவலாக, ஒரே வரியில் வந்து போகிறது.

அதே உழைப்பை வேறு விதமாகக் கேட்டால் என்ன தெரியும் என்பதற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது. 2019இல் நாடு தழுவிய முதல் நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. அதில் ‘வேலை செய்கிறீர்களா?’ என்ற வினாவுக்கு மாறாக, முதல் நாள் அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை, அரைமணி அரைமணியாக என்ன செய்தீர்கள் என்று கேட்கப்பட்டது. ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களும், அதில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாக அது காட்டியது. ‘சும்மா வீட்டில் இருக்கிறேன்’ என்று சொல்லக்கூடிய அதே பெண், நேற்றுக் காலை ஐந்து மணிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சாணம் அள்ளியதைச் சொல்வார். அவர் மாறவில்லை, வினா மாறியது.

வறுமையின் கணக்கிலும் இதே பாடம் இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. உணவுச் செலவைக் கடந்த 30 நாட்களுக்குக் கேட்பதா, 7 நாட்களுக்குக் கேட்பதா என்பது பார்வைக்குச் சிறிய முடிவு. ஆனால் ஏழு நாள் கணக்கில் மக்கள் சொல்லும் செலவு பொதுவாகக் கூடுதலாக வருகிறது. செலவு கூடினால் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் எண்ணிக்கை குறைகிறது. 1999-2000இல் நடந்த 55ஆம் சுற்றில் உணவுப் பொருள்களுக்கு இரண்டு கால அளவுகளும் ஒரே குடும்பத்திடம் அடுத்தடுத்துக் கேட்கப்பட்டன. ஒரு பதில் மற்றொன்றைப் பாதித்திருக்கும் என்பதால், அந்தச் சுற்றை 1993-94இன் சுற்றோடு ஒப்பிடலாமா என்ற கேள்வி எழுந்தது. தாராளமயத்துக்குப் பின் வறுமை எவ்வளவு குறைந்தது என்ற நாட்டின் மிகப் பெரிய பொருளாதார விவாதம், ஓர் அச்சிட்ட தாளில் இரண்டு பத்திகள் அருகருகே இருந்ததைச் சுற்றிச் சுழன்றது. ஆங்கஸ் டீட்டனும் வலேரி கோசெலும் தொகுத்த ‘தி கிரேட் இந்தியன் பாவர்ட்டி டிபேட்’ என்ற நூலில் அந்த விவாதத்தின் கட்டுரைகள் உள்ளன. 2022-23இன் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில் ஒரே வருகைக்கு மாறாக, மூன்று மாதங்களில் மூன்று தனித்தனி வினாநிரல்களோடு மூன்று முறை சென்று கேட்டனர். ஆகவே அதை 2011-12உடன் நேராக ஒப்பிடுவதிலும் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இவற்றைப் படித்த மாணவர் ஒருவர், தம் வினாநிரலில் ‘உங்கள் மாதச் செலவு எவ்வளவு?’ என்று ஒற்றை வரியில் எழுதுமுன் ஒரு கணமாவது நிற்பார்.

வருமானத்துக்கும் இது பொருந்தும். ‘மாத வருமானம்: 10,000க்குக் கீழ், 10,000 முதல் 20,000 வரை’ என்ற கட்டங்கள் சம்பளக்காரரின் வாழ்க்கையிலிருந்து பிறந்தவை. ராபி, காரிப் என்று இரு பருவத்தில் விளைவித்து, இடையில் கூலிக்குச் சென்று, வட்டிக்கு வாங்கியதை அறுவடையில் அடைக்கும் உழவருக்கு மாதம் என்ற அலகே இல்லை. உழவர் குடும்பங்களின் நிலையை அறியத் தேசிய மாதிரி ஆய்வு தனிச்சுற்று நடத்தியபோது, இரு வேளாண் பருவங்களுக்காக ஒரே குடும்பத்துக்கு இருமுறை சென்றதன் காரணம் அதுதான். ‘குடும்பம்’ என்ற சொல்லும் அப்படியே. ஆய்வின் வரையறையில் அது பொதுவாக ஒன்றாக வாழ்ந்து ஒரே அடுப்பில் உண்பவர்களைக் குறிக்கிறது. ‘ஆப்கே பரிவார் மே கித்னே லோக் ஹைன்?’ என்று கேட்டால், சூரத்தில் நெசவாலையில் இருக்கும் மகனையும், தனி அடுப்பு வைத்துவிட்ட தம்பியையும் சேர்த்தே பதில் வரும். தலைக்குரிய வருமானம் என்று எதை வகுத்தாலும் வகுக்கும் எண் அங்கேயே பிழைபட்டுவிடுகிறது.

இதற்கு மூன்று மறுப்புகள் வரக்கூடும்.

முதலாவது, நேரம். நான்கு மாதத்தில் இவ்வளவையும் எப்படிச் செய்வது? ஒரு நெறியாளருக்குப் பல மாணவர்கள். நியாயமான குறைதான். ஆனால் நேரம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 384 பேரைத் தேடி அலைவதற்கும், அட்டவணைகளை வண்ணப் படங்களாக்குவதற்கும், ஒப்புமையைக் குறைப்பதற்கும் நேரம் கிடைக்கிறது. பதினைந்து வீடுகளுக்கு இருமுறை சென்று பொறுமையாகக் கேட்ட ஆய்வேட்டை ‘மாதிரி போதாது’ என்று திருப்பி அனுப்பாத துறை இருந்தால், மாணவர் அதற்கும் நேரம் காண்பார்.

இரண்டாவது மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. இன்றைய பொருளியலில் காரணத் தொடர்பைக் கண்டறியும் நுட்பங்களே மையம். நம் மாணவர்கள் பொருளியல் அளவையியலில் பின்தங்கியிருக்கும்போது வினாவின் சொல்லைப் பற்றிக் கவலைப்படுவது ஆடம்பரம் என்பது அது. அளவையியலில் பின்தங்கியிருப்பது உண்மை. அது களையப்பட வேண்டியதும் உண்மை. ஆனால் அந்த நுட்பங்களின் சிறந்த எடுத்துக்காட்டுகளே அளவீட்டில்தான் தொடங்குகின்றன. ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில், சேவா மந்திர் நடத்திய முறைசாராப் பள்ளிகளில் ஆசிரியர் வருகையை எஸ்தர் டஃப்ளோவும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆராய்ந்தபோது, ‘எத்தனை நாள் வந்தீர்கள்?’ என்ற பதிலை நம்பியிருக்கவில்லை. தேதியும் நேரமும் பதியும், திருத்த முடியாத கேமராக்கள் பள்ளிகளுக்குத் தரப்பட்டன. ஒவ்வொரு நாளும் தொடக்கத்திலும் முடிவிலும் மாணவர்களோடு ஆசிரியர் படம் எடுக்கப்பட்டது. எதை எப்படி அளப்பது என்ற கேள்வி அங்கே தீர்ந்த பிறகே சமன்பாடு வருகிறது. நம் வகுப்புகளில் சமன்பாடு மட்டும் வந்து சேர்கிறது.

மூன்றாவது மறுப்பு, இதையெல்லாம் முனைவர் பட்டத்தில் கற்றுக்கொள்ளலாம் என்பது. முன்பு அந்தப் பதிலுக்கு ஓரளவு இடமிருந்தது. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடையே இளமுனைவர் பட்டம் இருந்தது. தவறுகளைச் செய்து கற்றுக்கொள்ள அது ஓர் இடைத்திண்ணையாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளோடு அது நீங்கிவிட்டது. இப்போது முனைவர் பட்ட வாசலில் நிற்பவர் கையில் இருக்கும் ஒரே ஆய்வு அனுபவம் முதுகலை ஆய்வேடுதான். அதையும் சடங்காகச் செய்துவிட்டு வருபவர், அடுத்த ஐந்தாண்டுகளை அந்தச் சடங்கின் பெரிய வடிவமாகவே கழிக்க நேரும். முனைவர் பட்டத்துக்குச் செல்லாமல் வங்கிக்கோ அரசுப் பணிக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ செல்லும் பெரும்பான்மையோர், நாளை இதே வகை வினாநிரல்களை வடிவமைக்கும் நாற்காலிகளில் அமர்வார்கள். யாருக்கு உதவி சேர வேண்டும் என்பதை அவர்கள் எழுதும் ஏழாவது வினா தீர்மானிக்கும்.

என்ன செய்யலாம்? பாடத்திட்டக் குழு கூடும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில வேலைகள் உண்டு.

ஒன்று, தேசிய மாதிரி ஆய்வுகளின் களப்பணியாளர்களுக்கான அறிவுறுத்தல் நூல்களை முறையியல் தாளின் பாடமாக்குவது. எந்தக் குறியீடு யாருக்கு, ஐயம் வந்தால் எப்படிக் கேட்பது, குடும்பம் என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக விளக்கும் நூல்கள் அவை. புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. வரையறைகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு வரையறை எத்தனை வாசற்படிகளில் அடிபட்டு இன்றைய வடிவத்தை அடைந்தது என்று காண்பது மேலான பாடம்.

இரண்டு, இரண்டாம் பருவத்திலேயே ஒரு சிறு பயிற்சி. ஒவ்வொரு மாணவரும் ஒரே செய்தியை இரண்டு விதமாகக் கேட்கும் இரு வினாக்களை எழுதட்டும். ஒவ்வொன்றையும் பத்துப் பேரிடம் கேட்டு, பதில்கள் எங்கே பிரிந்தன என்று இரண்டு பக்கம் எழுதட்டும். இதற்குப் பணமும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம்.

மூன்று, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வினாநிரல் உண்மையில் கேட்கப்பட்ட மொழியில் இருக்க வேண்டும் என்ற விதி. மைதிலியில் கேட்டதை ஆங்கிலத்தில் மட்டும் இணைப்பது, நடக்காத உரையாடலுக்குச் சான்று தருவதாகும். மைதிலியிலோ சந்தாலியிலோ கோண்டியிலோ எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள், எந்தச் சொல் எடுபடவில்லை, என்ன மாற்றினார்கள் என்று அரைப் பக்கம் எழுதினால் போதும். மூன்றாம் இயலில் முதன்முறையாக உண்மையான முறையியல் இடம்பெறும்.

நான்கு, களத்துக்குச் செல்ல இயலாதவர்கள் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு போன்றவற்றின் அலகுநிலைத் தரவைப் பயன்படுத்தட்டும். ஆனால் மாதிரி வடிவமைப்பைப் படித்து, பெருக்கிகளைச் சேர்த்துக் கணக்கிடக் கற்ற பிறகு. பெருக்கியை விட்டுவிட்டு எடுத்த சராசரி, நாட்டின் சராசரி அல்ல. மாதிரியில் இடம்பெற்றவர்களின் சராசரி மட்டுமே.

ஐந்து, வாய்மொழித் தேர்வின் முதற்கேள்வியை மாற்றுவது. ‘உங்கள் கருதுகோள் என்ன?’ என்பதற்கு முன், ‘உங்கள் மிக முக்கியமான வினாவை நீங்கள் கேட்ட மொழியிலேயே சொல்லுங்கள், அதற்கு நீங்கள் எதிர்பாராத ஒரு பதிலையும் சொல்லுங்கள்’ என்று தேர்வாளர் கேட்கட்டும். விடுதி அறையில் நிரப்பப்பட்ட வினாநிரலுக்கு அந்தக் கேள்வியின் முன் நிற்கும் வலிமை இருக்காது. எதிர்பாராத பதில் என்பது கற்பனையில் கிடைப்பதில்லை.

இது இயலாத கனவு என்று நினைப்பவர்கள் ஒரு பழைய சான்றைத் திரும்பிப் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களிடம் ஒரு வினாப் பட்டியலைக் கொடுத்து, சொந்த ஊர்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம், கடன் யாரிடம், கூலி என்ன, கிணறுகள் எத்தனை என்று அந்த மாணவர்கள் எழுதி வந்தவை 1918இல் நூலாயின. 1930களில் வேறு ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்கு மீண்டும் சென்றனர். பின்னரும் சென்றனர். மாற்றம் என்று ஒன்றைச் சொல்ல முடிந்ததே, முதலில் சென்றவர்கள் எதைக் கேட்டார்கள், என்ன கண்டார்கள் என்று பின்வந்தவர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான். அந்த மாணவர்களிடம் எஸ்பிஎஸ்எஸ் இல்லை, பி-மதிப்பு இல்லை, 384 இல்லை. தங்களுக்குத் தெரிந்த ஊரும், அங்கே பேசப்படும் மொழியும், ஒழுங்கான கேள்விகளும் இருந்தன.

நூறாண்டுக்குப் பிறகு இவ்வாண்டின் ஆய்வேடுகளை யாராவது தேடி எடுத்தால், அவற்றிலிருந்து ஓர் ஊரைப் பற்றி என்ன தெரிந்துகொள்வார்கள்? நூற்றிருபது பேரில் எத்தனை விழுக்காட்டினர் ‘முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொன்னார்கள் என்பது தெரியும். எருமைகளைப் பற்றி எதுவும் தெரியாது.

ஏழாவது வினாவை இன்னும் அச்சுக்கு அனுப்பாத மாணவர்கள் இதை வாசிக்கக்கூடும். நாளைக் காலை அதை வீட்டிலிருக்கும் ஒருவரிடம், வீட்டு மொழியில் கேட்டுப் பார்க்கலாம். நெறியாளர்கள், மாணவர் கொண்டுவரும் அட்டவணையைத் திறக்குமுன், அந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தது என்று கேட்கலாம்.